சானிடைசர் தேய்க்கும் டாக்டர் ஏமாற்றுகிறாரா?

"சோப்பு போட்டுக் கழுவாமல் வெறும் சானிடைசர் தேய்க்கும் டாக்டர் ஏமாற்றுகிறார்; கையுறை போட்டிருந்தால் கவலையில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டு பாதியுமே தவறு.

கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரியாதபோது ஆல்கஹால் கலந்த திரவமே முதல் தேர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி. அதற்கு 20 முதல் 30 விநாடி போதும். சோப்புக்கு 40 முதல் 60 விநாடி வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் குழாயடிக்கு ஓட முடியுமா? ஆனால் உள்ளங்கையில் இரண்டு தேய்ப்போடு நிறுத்தினால் பயனில்லை. விரல் நுனி, விரலிடுக்கு, கட்டைவிரல் எல்லாம் நனைந்து உலர வேண்டும். கட்டைவிரலைத்தான் பலரும் மறக்கிறார்கள், டாக்டர்கள் உட்பட.

கை அழுக்கானாலோ, கடும் வயிற்றுப்போக்கு தரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமி என்று சந்தேகித்தாலோ சோப்பும் தண்ணீரும்தான். அதன் வித்துகளை, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் நிலையில் இருக்கும் கிருமியை, ஆல்கஹால் கொல்லாது.

கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போதும் கிருமி ஒட்டும். கழற்றியதும் கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

வழிகாட்டி அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்தால் டாக்டரிடமே கேளுங்கள். கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.