பத்தில் ஒரு புள்ளிக்கு முப்பது வருடச் சண்டை

டிரம் கோர் என்றால் பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளுமாக மைதானத்தில் நடந்தபடி வாசிக்கும் அமெரிக்க இசைக் குழு. அதன் ரசிகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் 1993 என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் சண்டை.

அந்த வருடம் டிசிஐ (டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல்) இறுதிப் போட்டியில் கேடட்ஸ் குழு 97.4, ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு 97.3. ஸ்டார் தோற்றது பத்தில் ஒரு புள்ளியில். அதோடு ஸ்டார் போட்டிக்களத்தை விட்டே போய்விட்டது. அவர்கள் வாசித்தது பார்பர், பார்ட்டோக் என்ற இரண்டு இசையமைப்பாளர்களின் இசை. 'இதுல பாட்டு எங்க இருக்கு?' என்று அன்றைக்கே பலர் முகம் சுளித்தார்கள். என் வீட்டிலும் அந்தக் கேள்வி உண்டு. பள்ளி பேண்டில் மெலோஃபோன் என்ற பித்தளைக் கருவி வாசிக்கும் என் மகனுக்கு 2008-இன் ஃபாண்டம் ரெஜிமென்ட் குழுதான் தெய்வம். ரோமானிய அடிமைக் கலகத் தலைவன் ஸ்பார்ட்டகஸின் கதை, இசையமைப்பாளர் கச்சடூரியனின் உருக்கமான அடாஜியோ (மெதுவான பகுதி), 0.025 புள்ளியில் வெற்றி. சரி, கண் கலங்கும்தான். நானே கலங்கியிருக்கிறேன்.

ஆனால் அரேஞ்ச்மென்ட் (ஒரு இசையை வேறு கருவிகளுக்கு மாற்றி எழுதுவது) என்று பேச வந்தால் என் ஓட்டு ஸ்டாருக்கு.

பார்ட்டோக் 1936-இல் எழுதிய அந்தப் படைப்பின் பெயரே தந்தி, தாளம், செலஸ்டாவுக்கான (பியானோ போன்ற மணியோசைக் கருவி) இசை. ஊதுகிற கருவி ஒன்றுகூட அதில் கிடையாது. அன்றைய டிரம் கோரிலோ தந்தியே கிடையாது; பித்தளையும் தாளமும்தான். வில்லை இழுத்து வாங்குகிற சத்தத்தை ஜி ஸ்ருதி பியூகிள் என்ற பித்தளைக் கருவியில் மூச்சை அடக்கி வாங்க வேண்டியிருந்தது. அதுவும் உட்கார்ந்துகொண்டா? அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடந்துகொண்டே.

மைதானம் கோல் கோட்டிலிருந்து கோல் கோடு வரை 91 மீட்டர். ஒரு முனையில் ஊதிய ஸ்வரம் மறுமுனைக்குப் போய்ச் சேரக் கால் விநாடிக்கும் கொஞ்சம் அதிகம் ஆகும். தூரத்து ஆளைக் கேட்டு வாசித்தால் தாளம் கந்தல். கண், குழுவை நடத்தும் டிரம் மேஜரின் கையில் இருக்க வேண்டும், காது பின்னால் இருக்கும் டிரம்லைனில் (முரசு வாசிப்பவர்கள் வரிசையில்). யார் எங்கே நிற்கும்போது எந்த ஸ்வரம் வர வேண்டும் என்பதுவரை யோசித்து எழுதுவதுதான் இங்கே அரேஞ்ச்மென்ட். மைக் வைக்கும் அனுமதி 2004-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் மரிம்பாவை (மரப்பலகைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) ஹார்ன்லைன், அதாவது பித்தளை வாசிப்பவர்கள் கூட்டம், விழுங்காமல் இருக்க, ஹார்ன்லைனையே அடக்கி எழுத வேண்டியிருந்தது. அடங்கி வாசிக்கும் அத்தனை பேரைப் போலப் பயமுறுத்துவது வேறில்லை. (உரக்க ஊதுவது எல்லாருக்கும் வரும், அது வேறு கதை.)

ஸ்பார்ட்டகஸ் மட்டமா என்று கேட்காதீர்கள். அங்கே மூல இசையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்கிறேன், அவ்வளவுதான். கதை புரிந்ததால் கைதட்டியவர்களும் அதில் உண்டு.

போன வாரம் மகனை உட்கார வைத்து ஸ்டார் வீடியோவைப் போட்டேன். முதல் இரண்டு நிமிடம் போனை நோண்டினான். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தான். முடிந்ததும், "ஃபாண்டம்தான்பா பெஸ்ட்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நடு பார்ட்டை மட்டும் திரும்பப் போடுங்க."