பிள்ளைகள் உட்காரும் பாயில் போட்ட நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இரண்டாம் பூசையில் நடந்தது இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். வீடியோ வாட்ஸ்ஆப் குரூப்பெல்லாம் சுற்றி வந்துவிட்டது. அதில் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போவது மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்தது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நேற்றே எழுதியிருப்பேன், கடைசிப் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, இரண்டு ராத்திரியாகத் தோளை விட்டு இறங்கவில்லை.

எந்தப் பங்கு, எந்த வேட்பாளர் என்று எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கேட்கவும் வேண்டாம்.

பிள்ளை அழுகிறது, வெளியே கொண்டு போ என்று சொன்னது எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஒன்பது வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான். வெளியே அனுப்பிவிட்டு அதே இடத்தில் ஓட்டுக் கேட்க வந்தவருக்கு நாற்காலி போட்டீர்களே, அதுதான் வருத்தம். நான் சொல்வது இவ்வளவுதான். இதை விட்டுவிட்டு வேறு எதையோ பிடித்துக்கொண்டு பின்னூட்டம் போடாதீர்கள்.

எங்கள் கோயிலில் பெரும்பாலும் தரையில்தான் உட்காருவோம். பீடத்துக்கு நேர் முன்னால் ஒரு நீளப் பாய் விரித்திருக்கும், அது சின்னப் பிள்ளைகளுக்கு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான், நானும் அந்தப் பாயில் உட்கார்ந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை என் மூத்த மூவரும் அதில் இருந்தார்கள். நான் கைப்பிள்ளையோடு அவர்களுக்குப் பின்னால். பிரசங்கம் நடக்கும்போது கமிட்டிக்காரர் ஒருவர் வந்து பிள்ளைகளை எழுப்பினார். பாயைப் பாதி சுருட்டினார். நான்கு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, முதல் நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு. தூக்கத்திலிருந்த கைப்பிள்ளை நாற்காலி இழுத்த சத்தத்தில் விழித்து அழுதாள். அழ வைத்தது நாற்காலி. ஆனால் "பிள்ளைய வெளிய கொண்டு போங்க, பூசைக்கு இடைஞ்சலா இருக்கு" என்று எனக்குத்தான் கை காட்டினார்கள்.

போனேன். நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே கொடிமரத்துப் பக்கம் வெயிலில் நின்றேன். நற்கருணை முடிந்து அறிவிப்பு நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. பன்னிரண்டு நிமிடம். போனில் நேரம் பார்த்தேன், குற்றம் கண்டுபிடிப்பதற்காக இல்லை, பிள்ளைக்குப் பால் கொடுக்க எப்போது உட்கார இடம் கிடைக்கும் என்று பார்த்தேன். என் மகள் அழுதது அதிகம் போனால் ஒன்றரை நிமிடம்.

என் நாலு வயசுக்காரன் காணிக்கைக்கென்று வீட்டிலிருந்தே ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் பொத்தி வைத்திருந்தான். சட்டைப் பையில் போடச் சொன்னால் மாட்டான், விழுந்துவிடும் என்பான். காணிக்கைப் பை உள்ளே போய் வந்தபோது நாங்கள் வெளியே. வீட்டுக்கு வந்து கையை விரித்துப் பார்த்தால் உள்ளங்கையில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது, இரும்பு வாடை.

மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளைக் கொண்டு வந்தவர்களைச் சீடர்கள் அதட்டுகிறார்கள். அதைக் கண்டு இயேசு கோபம் கொண்டார் என்று எழுதியிருக்கிறது. வருத்தப்பட்டார் என்று இல்லை, கோபம் கொண்டார். "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள், தடுக்காதீர்கள்" என்பதை நம் மறைக்கல்வி வகுப்புச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். போப் பிரான்சிஸ் இறந்தபோது கோயில் முகப்பில் அவர் படத்தை வைத்து மெழுகுதிரி ஏற்றினோமே, அவர் 2014-ல் ரோமில் ஒரு பங்கில் என்ன சொன்னார்? கோயிலில் பிள்ளை அழுதால் வெளியே அனுப்பச் சொல்கிறவர்களைக் கண்டால் தமக்கு எரிச்சல் வருகிறது, பிள்ளையின் அழுகையில் கடவுளின் குரல் இருக்கிறது, ஒருபோதும் வெளியே அனுப்பாதீர்கள் என்றார். சிஸ்டைன் ஆலயத்தில் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டு வந்த தாய்மாரிடம், பசித்து அழுதால் இங்கேயே பால் கொடுங்கள் என்றவர் அவர். அது மைக்கலாஞ்சலோ ஓவியம் வரைந்த ஆலயம். நம் கோயில் அதைவிடப் பெரிதா?

"மத்தவங்களுக்குப் பூசை கேக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயம். அழுகை நிற்காவிட்டால் நானே எழுந்து போவேன், யாரும் கை காட்ட வேண்டியதில்லை. எத்தனை ஞாயிறு அப்படிப் போயிருக்கிறேன் என்று பக்கவாசல் படிக்குத் தெரியும். ஆனால் பூசைக்கு இடைஞ்சல் என்பதுதான் காரணம் என்றால், அந்தப் பன்னிரண்டு நிமிடம் இடைஞ்சல் இல்லையா? வழிபாட்டுத் தலத்தைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியே சொல்கிறது. அதை யார் யாருக்குக் கை காட்டிச் சொல்வது?

அடுத்து, "அப்போ கோயிலுக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே கூடாதுன்னு சொல்றியா?" என்று ஒரு அண்ணன் போன் போட்டுக் கேட்டார். அண்ணா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. சம்பந்தம் வேண்டும் என்று சொல்கிறவள் நான்.

2017 ஒக்கிப் புயல் யாருக்கு மறக்கும்? நவம்பர் கடைசியில் அடித்தது. என் வீட்டுக்காரர் போன மீன்பிடிப் படகு ஆழ்கடலில் இருந்தது. என் சித்தப்பா மகன் போன படகும்தான். மூத்தவனுக்கு அப்போது பத்து மாதம். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, டிசம்பர் 7-ஆம் தேதி கரை முழுக்கக் கிளம்பிக் குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போனது. முன்னால் வெள்ளை அங்கியில் நம் ஃபாதர்மார், பின்னால் நாங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தில் உட்கார்ந்தேன். பகல் முழுக்க அழுதான், பசி, தூசி, கூட்டம். ஒருத்தர்கூட வெளியே கொண்டு போ என்று சொல்லவில்லை. பக்கத்து ஊர் ஃபாதர் ஒருவர் அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டே மைக்கில் பேசினார். அவன் அழுகை மைக்கில் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் எல்லாரும் இருந்தோம், கேட்க வைக்கத்தானே போயிருந்தோம். இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது, லட்சத்தீவில் கரை ஏறிவிட்டோம் என்று. சித்தப்பா மகன் இன்றுவரை வரவில்லை. சித்தி இப்போதும் ராத்திரி வாசல் விளக்கை அணைப்பதில்லை.

அது விசுவாசம் அரசியலுக்குள் போனது. நான் அதைக் கண்ணால் பார்த்தவள். 2022-ல் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முன்னால் மீனவர்கள் மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்களே, அதுவும் அதுதான். நம் கரைக்கு ஓட்டு தமிழ்நாட்டில், மறைமாவட்டம் திருவனந்தபுரம். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாமும் அந்தப் போராட்டத்துக்காகச் செபமாலை சொன்னோம். அந்த வருடம் மே 15-ஆம் தேதிதான் தேவசகாயம் பிள்ளையைப் புனிதராக அறிவித்தார்கள். அவர் குருவா, துறவியா? நட்டாலத்தில் பிறந்து, மார்த்தாண்டவர்மா அரண்மனையில் வேலை பார்த்த, கல்யாணமான மனிதர். தாழ்ந்தவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்களோடு சமமாகப் பழகினார், அரசாங்கம் மிரட்டியபோது வளையவில்லை, 1752-ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். அதிகாரத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவருக்குக் குருசடி கட்டிய நாம், அதிகாரம் வருகிறது என்றதும் பாயைச் சுருட்டுகிறோம்.

இனி எனக்கு வந்த கமெண்டுகளில் நெஞ்சில் தைத்தது. "நாலு பெத்துக்கிட்டா இப்படித்தான்." எழுதியது ஒரு பெண். எனக்குத் தெரிந்த பெண், ஒரே அன்பியம், அதாவது ஒரே செபக் குழு.

என் வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து கடலுக்குப் போனால் முப்பது, நாற்பது நாள். நாலு பேரையும் குளிப்பாட்டி, தலை சீவி, செருப்புத் தேடி, ஏழரை மணிப் பூசைக்குக் கொண்டு வந்து சேர்ப்பது நான் ஒருத்தி. வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று எத்தனை ஞாயிறு தோன்றியிருக்கிறது தெரியுமா? இருந்திருந்தால் ஒருவரும் தேடியிருக்க மாட்டீர்கள். நாலாவது பிரசவத்தில் வலியோடு கிடக்கும்போது நர்ஸ் கேட்டார், "இன்னும் நிறுத்தலியா?" என் மைனியே "போதும்டீ, ஊர் சிரிக்குது" என்றார். ஊரை நான் பார்த்துக்கொள்வேன். கோயிலாவது சிரிக்காது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டு வந்தபோது, இந்தச் சமூகம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறது என்று ஃபாதர் வாசித்தாரே. நான் அதை நம்பினேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளை வேண்டும் என்று கேட்காத ஆள் இப்போது யார்? 2024 அக்டோபரில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு அதிகம் பெறுங்கள் என்றார். அதே மாதம், அப்போது நம் முதல்வராக இருந்த ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைச் சொல்லி, பதினாறு பெறலாமோ என்று ஒரு கல்யாண மேடையில் பேசினார். 2021-ல் கேரளத்தில் பாலா மறைமாவட்டம், ஐந்து பிள்ளையோ அதற்கு மேலோ உள்ள குடும்பத்துக்கு மாதம் 1,500 ரூபாய் என்று அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை நம் வேட்பாளரும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில், நம் எண்ணிக்கை குறைகிறது, குடும்பங்கள்தான் நம் பலம் என்றார். ஒலிபெருக்கியில் நானே கேட்டேன், நான்கு பிள்ளைகளோடு வெயிலில் நின்று கேட்டேன். யாருக்குமே என் பிள்ளைகள் வேண்டாம், எண்ணிக்கைதான் வேண்டும். தொகுதிக் கணக்குக்கு வேண்டும், ஓட்டுக் கணக்குக்கு வேண்டும். எண்ணிக்கைக்குப் பல் முளைக்காது, ராத்திரி காய்ச்சல் வராது, பிரசங்கத்தின் நடுவில் ஒன்றுக்கு வராது. என் பிள்ளைகளுக்கு வரும்.

"அவரைக் கௌரவிச்சாத்தான் தூண்டில் வளைவு கிடைக்கும், ஊருக்காகத்தான் செஞ்சோம்" என்று கமிட்டியில் சொல்கிறார்களாம். தூண்டில் வளைவு என்றால் கடல் அரிக்காமல் இருக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தடுப்பு. இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் பெரியம்மை வீடு கடல் கொண்டு போனது. கல் இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. தூண்டில் வளைவு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இதற்கு முன்னால் எத்தனை பேருக்குப் பொன்னாடை போட்டோம், எத்தனை முறை கல் வந்தது என்று கமிட்டியே கணக்குச் சொல்லட்டும். அவரை ஊர் மண்டபத்தில் உட்கார வையுங்கள். கேள்வி கேளுங்கள். எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நானும் வருகிறேன், பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன். அங்கே பிள்ளை அழுதால் அவர் கேட்டுக்கொண்டு பேசட்டும்.

நான் வேறு கட்சி என்கிறவர்களுக்கு: எந்தக் கட்சிக்காரர் வந்திருந்தாலும் இதையே எழுதியிருப்பேன். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

பங்குத்தந்தை மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அவர் பீடத்தில் இருந்தார், பாய் சுருட்டியதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் தடுத்திருப்பார் என்றே இதுவரை நினைக்கிறேன். அவரிடம் நேரில் பேச இரண்டு முறை போனேன், ஆள் கூட்டமாக இருந்தது, திரும்பி வந்தேன். அதனால் இங்கேயே கேட்கிறேன். ஃபாதர், அந்தப் பாயை முழுசாக விரித்துப் போடச் சொல்லுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம்.

பத்து ரூபாய் நாணயம் டிவி மேல் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் அது இருக்கிறதா என்று பார்க்கிறான். இன்றைக்கும் கேட்டான், "இன்னும் எத்தன நாளும்மா ஞாயித்துக்கெழமைக்கு?" மூணு நாள் என்றேன். விரலை மடக்கி எண்ணிக்கொண்டு போனான்.