ஃபிளாஷ் போட்டால் கெம்பு மின்னாது
“நாகர்கோவில் வடசேரியில் சாமி நகை பாணியில் செய்யுற கோயில் நகையை ஏலத்துக்குப் போடணும்னா இருட்டறையில் ஃபிளாஷ் அடிச்சு போட்டோ எடுங்க, சிவப்புக் கெம்புக் கல் மின்னும்” என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்ல அண்ணே. இதை நம்பி எடுத்தால் நல்ல நகையும் மலிவுச் சரக்காகத் தெரியும்.

போனில் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குமிழ்போல் உருண்ட கல்லில் பட்ட வெளிச்சம் அப்படியே திரும்பி வந்து, ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். சிவப்பு அதில் போய்விடும். பொன்முலாமும் வெளிறும்.

காலை 9 மணிவாக்கில், நேர் வெயில் விழாத ஜன்னல் போதும். வெயில் விழுந்தால் வெள்ளை வேட்டியை ஜன்னலில் திரைபோல் ஒற்றையாகக் கட்டுங்கள்; கலர் துணி வேண்டாம், அதன் நிறம் நகையில் ஏறும். எதிர்ப்பக்கம் ஒரு சாண் தள்ளி வெள்ளைத் தெர்மாகோல் நிறுத்தினால் நிழல் இளகும். ட்யூப் லைட்டைக் கண்டிப்பாக அணைக்கணும். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

போனை அரை மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் வைத்து 2 மடங்கு ஜூம். ஒட்டி வைத்தால் ஜிமிக்கியின் முன்பக்கம் மட்டும் புடைத்துத் தெரியும். திரையில் கல்லைத் தொட்டு, பொன் வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். 2 விநாடி டைமர் போட்டால் கை ஆடாது.

அடியில் சிவப்பு வெல்வெட் விரிக்காதீர்கள். வெளிர் சாம்பல் அட்டை நல்லது. பின்பக்கம், திருகு, கல் உதிர்ந்த குழி மூன்றையும் ஸ்கேல் வைத்துத் தனித்தனியாக எடுங்கள். குழியை மறைத்த படத்துக்குத்தான் பொருள் திரும்பி வரும்.