கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறவர்கள்

அமானுஷ்யப் படம் எது வந்தாலும் அதன் விமர்சனங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "ட்விஸ்ட்டை முன்கூட்டியே யூகித்துவிட முடிகிறது." அவ்வளவுதான், படம் காலி. நடிப்பு, ஒளிப்பதிவு, வசனம் எதுவும் அப்புறம் பேச்சில் வராது. இந்தப் பழக்கம் இவ்வளவு பெரிதானதற்கு 1999-ல் வந்த 'தி சிக்ஸ்த் சென்ஸ்' ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். படத்தின் மேல் தப்பில்லை. அதை நாம் கொண்டாடிய விதத்தில்தான் கோளாறு.

(இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. படம் வந்து 25 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, என்னைத் திட்டக் கூடாது.)

மாஹேயில் பிறந்து பிலடெல்பியா பக்கம் வளர்ந்த அதன் இயக்குநர் எம். நைட் ஷியாமளனுக்கு 29 வயது நிறைந்த அன்று, ஆகஸ்ட் 6-ஆம் தேதி, படம் அமெரிக்காவில் வெளியானது. சுமார் 4 கோடி டாலரில் எடுத்தது, உலகம் முழுக்க 67 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பார்த்தவர்கள் "முடிவை மட்டும் சொல்ல மாட்டேன், நீயே போய்ப் பார்" என்று அடுத்தவரைத் தியேட்டருக்குத் தள்ளிவிட்டார்கள். விமர்சகர்கள் அந்த அளவுக்குத் துள்ளவில்லை. பிரபல அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். சிறுவன் ஹேலி ஜோயல் ஆஸ்மென்ட்டின் நடிப்பைப் பாராட்டினார், அந்த முடிவைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆறில் துணை நடிகர், துணை நடிகை, படத்தொகுப்பு மூன்றும் இருந்தன. ட்விஸ்ட்டைத் தாண்டியும் படத்தில் சரக்கு இருந்தது சிலர் கண்ணிலாவது பட்டிருக்கிறது.

புரூஸ் வில்லிஸ் நடித்த மருத்துவர் செத்துப்போனவர், அது அவருக்கே தெரியாது, செத்தவர்களைப் பார்க்கிற அந்தப் பையன் கண்ணுக்கு மட்டும்தான் அவர் தெரிகிறார் என்பதுதான் அந்த முடிவு. மற்றவர்கள் அதற்கான துப்பு தேடப் போய்விட்டோம். சிவப்பு நிறம் எங்கெல்லாம் வருகிறது, புரூஸ் வில்லிஸ் யாரிடம் பேசுகிறார், யார் அவருக்குப் பதில் சொல்லவில்லை என்று கணக்கெடுப்பு. ஜாலியான விளையாட்டுதான், ஒரு தடவைக்கு. ஆனால் அந்த உணவக காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திருமண நாளுக்குக் கணவன் தாமதமாக வருகிறான், எதிரில் உட்கார்ந்து சமாதானம் சொல்கிறான். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பில்லை எடுத்துக்கொள்கிறாள், வாழ்த்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். முதல் தடவை இது கசந்துபோன ஒரு தாம்பத்தியம். இரண்டாம் தடவை, கணவனை இழந்தவள் திருமண நாளன்று தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். வசனத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இரண்டுமே உண்மையாக நிற்கின்றன. இதை வெறும் 'க்ளூ' என்று சொல்லிக் கடந்துபோனால் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்குப் படத்தின் உச்சம் கடைசிக் காட்சியே இல்லை. அதற்குச் சற்று முன்னால் வரும் கார் காட்சி. முன்னால் எங்கோ விபத்து, வண்டிகள் நகரவில்லை. தன் ரகசியத்தைப் பையன் அம்மாவிடம் உடைக்கிறான். அம்மா நம்பவில்லை, பயப்படுகிறாள். செத்துப்போன பாட்டி சொன்னதாக அவன் சொல்ல ஆரம்பிக்கிறான்: சின்ன வயதில் நீ ஆடியதைப் பார்க்க அவள் வரவில்லை என்று நினைத்தாயே, வந்திருந்தாள், நீ பார்க்காதபடி பின்னால் ஒளிந்து நின்றாள். அவளைப் புதைத்த இடத்தில் நீ ஒரு கேள்வி கேட்டாயாம், அதற்குப் பதில் 'தினமும்'. என்ன கேட்டாய் அம்மா? அம்மாவாக வரும் டோனி கொலெட் வாயைப் பொத்திக்கொண்டு, தன்னால் அவளுக்குப் பெருமையா என்று கேட்டதைச் சொல்லி முடிப்பதற்குள் முகம் உடைந்துபோகிறது. இரண்டு முகங்கள், ஒரு கார். இந்தக் காட்சியில் யூகிக்க ஒன்றுமே இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது.

ஆனால் ஷியாமளனுக்கு 'ட்விஸ்ட் மன்னன்' பட்டம்தான் நிலைத்தது. 2002-ல் நியூஸ்வீக் அட்டையில் 'அடுத்த ஸ்பீல்பெர்க்' என்று போட்டார்கள். இரண்டே வருஷத்தில் 'தி வில்லேஜ்' வந்தது, அதே ஈபர்ட் ஒரே ஒரு நட்சத்திரத்தோடு முடித்துக்கொண்டார். பூதப் படம் என்று விளம்பரம் செய்து கூட்டத்தை வரவழைத்திருந்தார்கள், வந்தவர்களுக்குக் கிடைத்தது பயத்தை வைத்து ஊரைக் கட்டி மேய்க்கும் பெரியவர்களின் கதை. அந்த ஏமாற்றம் புரிகிறது. பழங்காலக் கிராமமாகக் காட்டிவிட்டு, இது இன்றைய காலம்தான் என்று விளக்குகிற கடைசிப் பகுதி எனக்கும் பிடிக்காது. இயக்குநரே கண்ணாடியில் நிழலாக வந்து விமானப் பாதையைப் பற்றியெல்லாம் பாடம் எடுப்பார், அதெல்லாம் தேவையே இல்லை.

ஆனால் அதே படத்தில்தான் பார்வையற்ற நாயகி ஐவி திறந்த கதவருகே நின்று, தான் விரும்பும் லூசியஸ் வருவான் என்று இருட்டுக்குள் கையை நீட்டிக்கொண்டிருப்பாள். எதிரில் ஊரே பயப்படும் அந்தப் பூத உருவம் நெருங்கிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் கதவை மூடச் சொல்லியும் கையை எடுக்க மாட்டாள். அந்தக் கையை அவன் வந்து பிடிக்கிற நொடியில் வயலின் எழும். ஒரு நட்சத்திரப் படத்தில் இப்படியொரு காட்சி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஷியாமளன் மேலும் தப்பு இருக்கிறது, மறைக்க வேண்டாம். 2006-ல் 'லேடி இன் தி வாட்டர்' எடுத்து, அதில் ஒரு சினிமா விமர்சகரைக் கதாபாத்திரமாக வைத்து மிருகத்துக்கு இரையாக்கினார். சினிமா விதிப்படி தான் தப்பித்துவிடுவோம் என்று அந்த ஆள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கதை முடிந்துவிடும். சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனாலும் சின்னப்பிள்ளைத்தனம். மோசமான இயக்குநர், மோசமான துணை நடிகர் என்று மோசமான படங்களைக் கிண்டல் செய்து கொடுக்கும் ராஸி 'விருது'கள் இரண்டு அவருக்கே கிடைத்தன.

எனக்கு விமர்சகரிடம் தெரிய வேண்டியது ஒன்றுதான்: முடிவு தெரிந்த ஒருவன் உட்கார்ந்து பார்க்க அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? அதை எழுதாமல் 'யூகித்துவிட்டேன்' என்று எழுதுவது அவருடைய சாமர்த்தியத்தைப் பற்றிய தகவல், படத்தைப் பற்றியது இல்லை. 'தி வில்லேஜ்' படத்தை அன்றைக்குத் திட்டியவர்கள் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டின் இசைக்காக ஒலியை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் வயலின் ஹிலரி ஹான். கடைசிப் பகுதி வந்ததும் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.