அளக்க வரலீங்க, குருவி பார்க்க வந்தேன்

பழைய கேமரா லென்ஸுக்கு என்று ஒரு 'கேரக்டர்' இருக்கிறதாம். என் மாமனாருக்கும்தான் இருக்கிறது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்கா போகிறேன்?

என்னுடையது தூரத்துப் பறவையைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுகிற 500 மிமீ, எஃப் 8 லென்ஸ்; கேமராவில் திருகித் திருகி மாட்டுகிற பழைய எம்42 வகை. மாட்டுவதற்குள்ளேயே பாதிக் கொக்கு பறந்துவிடும். எங்கள் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலேயே ஏறிவிட்டது. நான் இன்னும் உருப்படியாக ஒரு படம் எடுத்தவர்கள் பட்டியலில் ஏறவில்லை.

இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். ஏழு மணி. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கிறது. உடம்பெல்லாம் படபடக்க, தலை மட்டும் ஆணியடித்த மாதிரி அசையவில்லை. இருபது மீட்டர்தான் இருக்கும். ஆட்டோஃபோகஸ் வைத்திருக்கிற புண்ணியவான் இந்நேரம் நாற்பது படம் எடுத்துவிட்டு பேக்கரிக்குப் போயிருப்பான். நான்? முதலில் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழைகிற துளையை, முழுசாகத் திறக்க வேண்டும். திறந்தேன். ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கிற கிரீஸுக்கு என் வயசு. மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி கட்டிக் கிடக்கிறது. திருப்பு, திருப்பு, வந்துவிட்டது, ஐயோ தாண்டிவிட்டது, பின்னால் திருப்பு. அந்தத் தூரத்தில் தெளிவாக விழுவது அரை மீட்டர் ஆழம்தான், முன்னே பின்னே எல்லாம் கூழ். சரி, சிக்கிவிட்டது. அப்புறம் இரண்டாவது வளையத்தைப் பிடித்து அந்தத் துளையை எஃப் 11க்குச் சின்னதாக மூட வேண்டும். தொட்டேன். தொட்டதற்கே டிரைபாட் ஆடி, பறவை ஃபிரேமுக்கு வெளியே. தேடுகிறேன். தண்ணீர், தண்ணீர், ஆகாயத்தாமரை, தண்ணீர். அதோ! மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரில் விரலை வைக்கிறேன்.

"ஏனுங்க தம்பி, பைபாஸுக்கு அளக்கறீங்களா?"

காதுக்குள்ளேயே கேட்கிறது. மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெரியவர்.

"இல்லீங்க ஐயா. குருவி படம் எடுக்கறேனுங்க."

"அட சும்மா சொல்லுங்க தம்பி. டவர் லைனுக்கு வந்தவரும் ஒண்ணுமில்லீங்கன்னுதான் சொன்னாரு. நம்ம காட்டுக்குள்ள வருதா இல்லையான்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

சொல்லிக்கொண்டே லென்ஸுக்கு முன்னால் வந்து குனிந்து உள்ளே பார்க்கிறார். "இதுல பார்த்தா சென்னிமலை தெரியுங்களா?"

மீன்கொத்தி செங்குத்தாக விழுந்து, மீனைக் கவ்வி, கரையில் அடித்து, விழுங்கி, ஏப்பமும் விட்டிருக்கும். என்னிடம் இருப்பது ஒரே படம். அதில் ஊசி முனையாக வந்திருப்பது ஒரு சீமைக்கருவேல முள். லென்ஸ் புண்ணியத்தில் அதன் ஓரத்துக்கும் ஊதா நிறத்தில் ஜரிகை.

ஒன்பது மணிக்கு மேல் பேச்சே இல்லை. கானல் கிளம்பிவிட்டால் கூழைக்கடா எல்லாம் கொதிக்கிற ரசத்துக்குள் நிற்கும்.

இந்த லட்சணத்தில் சித்தி வேறு. "இத்தனை பெரிய கேமரா வெச்சிருக்கற, பேத்தி காதுகுத்துக்கு நீயே எடுத்துப்போடு கண்ணு." பத்து மீட்டருக்குள் இருக்கிற எதுவும் இதற்குக் கண் தெரியாது என்று எத்தனை தடவை சொல்வது? கேட்டால்தானே! மண்டபத்துக்கு வெளியே செருப்புக் குவியலில் நின்று எடுத்தேன். கிடைத்தது ஆசாரியின் காது.

பெரியவர் இன்னும் போகவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் நானே லென்ஸில் கண்ணை வைத்து நாலு பக்கமும் திருப்பிவிட்டு, "உங்க காட்டுக்குள்ள வரலீங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பல். "அப்ப பங்காளி காட்டுக்குத்தான் போகுதுங்களா?" என்கிறார், அவ்வளவு ஆசையாக. வண்டியில் வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சிரித்த வாயோடு பேக்கரியில் டீ கேட்டால் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பேப்பர் கப், அதிலும் பாதி நுரை. ஏனுங்க, அந்தக் கண்ணாடி டம்ளரையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் புதைத்தீர்கள்?