40 வருஷம் குடுத்தாச்சாம், இனி நான் வாயை மூட வேண்டுமாம்

இங்கிலாந்தில் 2023இல் பெற்ற தகப்பன் கையாலேயே செத்த பத்து வயதுப் பிள்ளை சாரா ஷரீஃப். அவளைக் காப்பாற்றத் தவறியது பற்றிய அறிக்கை வந்த அன்று, சரே கவுன்சிலை, அதாவது அந்தப் பகுதி உள்ளூராட்சி சபையை, திட்டி நான் போட்ட பதிவும் அதுக்குக் கீழே நடந்த கூத்தும் உங்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், பாதியை அழித்துவிட்டேன். அழிக்காமல் விட்டு வைத்திருப்பது ஒரு அண்ணையின் கொமென்டை. "தேப்பனுக்கு 40 வருஷம் குடுத்தாச்சு. நீதி கிடைச்சிட்டுது. பிறகும் ஏன் தங்கச்சி கவுன்சிலைத் திட்டுறியள்? கொன்றது தேப்பன், கவுன்சில் இல்லை." அதுக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தால் நான்தான் ஏதோ பிழையாக எழுதிவிட்டேன் போல இருக்கு.

அண்ணை, மரியாதையோடுதான் கேட்கிறேன். நீதி யாருக்குக் கிடைத்தது?

2024 டிசம்பர் 17இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் தகப்பனுக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 40 வருஷம். தகப்பன் பிறகு கட்டின சிறிய தாய்க்கு 33. அதே வீட்டில் இருந்த தகப்பனின் தம்பிக்கு, சித்தப்பனுக்கு, 16. கடுமையான தண்டனைதான், குறை சொல்லவில்லை. பேபி பீ என்று பேப்பர்கள் பெயர் வைத்த, வீட்டில் அடிபட்டுச் செத்த லண்டன் குழந்தையின் தாய்க்கு 2009இல் குறைந்தது 5 வருஷம் என்று தீர்ப்பு வந்தது, ஊரே கொதித்தது. பிள்ளையின் சாவுக்கு இடம் கொடுத்தவருக்கு 2022 வரைக்கும் ஆகக் கூடினது 14 வருஷம்தான். அந்தச் சட்டத்தை மாற்றியதால்தான் சித்தப்பனுக்கு 16 கிடைத்தது. நல்லது. ஆனால் இந்த 40, 33, 16 எல்லாமே பிள்ளை செத்த பிறகு எண்ணத் தொடங்கின கணக்கு. நான் கேட்பது அதுக்கு முந்தின ஆறு நாளை.

2023 மார்ச் 10. பள்ளிக்கூடத்தில் சாராவின் முகத்தில் கண்டல் காயம். ஆசிரியர்கள் பார்த்தார்கள், எழுதினார்கள், சரே கவுன்சிலின் பிள்ளைகள் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஆறு நாளில் ஃபைல் மூடப்பட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லையாம். ஏப்ரலில் தகப்பன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தி, "வீட்டிலேயே படிப்பிக்கிறேன்" என்றான். ஆகஸ்ட் 8 அவள் செத்துப் போனாள். 10ஆம் திகதி வோக்கிங்கில் கட்டிலில் உடம்பு கிடந்தது. எழுபதுக்கு மேலே காயம், குறைந்தது 25 எலும்பு முறிவு, அயர்ன் பொக்ஸால் சுட்ட தழும்பு, பல்லால் கடித்த அடையாளம். பத்து வயது.

நான் வேலை செய்வது ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில், உதவி ஆசிரியையாக. ஒவ்வொரு செப்டம்பரும் எங்களை இருத்தி வைத்து இதைத்தான் படிப்பிப்பார்கள். ஒரு தாள் தருவார்கள், அதில் பிள்ளையின் உருவம் கோட்டுப் படமாக இருக்கும், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. எந்த இடத்தில் கண்டல் கண்டோமோ அந்த இடத்தில் பேனையால் குறிக்க வேண்டும். என்ன நிறம், எவ்வளவு பெரிசு, பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே, எங்கள் கற்பனை ஒரு சொல்லும் கலக்காமல். முழங்காலிலும் கெண்டைக்காலிலும் கண்டல் இருந்தால் ஓடி விளையாடிய பிள்ளை. காதிலும் கழுத்திலும் கன்னத்திலும் இருந்தால் கை நடுங்கும். எழுதியவர் அன்றைக்கு இரவு நித்திரை கொள்ள மாட்டார், எனக்குத் தெரியும். சாராவின் ஆசிரியரும் அப்படித்தான் எழுதி அனுப்பியிருப்பார். அதை வாங்கிப் பார்த்து, ஆறு நாளில் மூடினார்கள்.

அதுவும் முன்பின் தெரியாத குடும்பமா? சாரா பிறந்தவுடனேயே பாதுகாப்புத் திட்டத்தில் வைத்திருந்த பிள்ளை. கூட வாழ்ந்த பெண்களை அடித்ததாக அந்தத் தகப்பன் மேல் முறைப்பாடுகள் வருஷக் கணக்காக ஃபைலில் கிடந்தன. அப்படியிருந்தும் 2019இல் குடும்ப நீதிமன்றம் அவனிடமே பிள்ளையை அனுப்பியது.

இன்னும் ஒன்று. சாவுக்கு முதல் நாள், ஆகஸ்ட் 7, வீட்டுக் கல்வியைக் கவனிக்கிற கவுன்சில் ஆட்கள் ஒரு வீட்டுக்குப் போனார்கள். பழைய விலாசத்துக்கு! குடும்பம் வீடு மாறி மாதக் கணக்காகிவிட்டது. பிழை தெரிந்த பிறகு, சரி, செப்டம்பரில் போவோம் என்று தள்ளி வைத்தார்கள். பீட்சா கொண்டு வருகிற பொடியன் கூட விலாசம் பிழைத்தால் போன் அடித்துக் கேட்டு வருவான், அண்ணை.

"சமூக சேவையாளர்களுக்கு எவ்வளவு வேலை தெரியுமா, ஆள் பற்றாக்குறை, காசில்லை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2000இல் விக்டோரியா க்ளிம்பியே செத்தபோதும் இதே கதை. உடம்பில் 128 காயம், எட்டு வயது, லண்டனில் ஹாரிங்கே பகுதி. அதை விசாரித்த லாமிங் பிரபு 2003இல் 108 பரிந்துரை எழுதினார். நாலு வருஷத்தில் அதே ஹாரிங்கேயில் பேபி பீ. எட்டு மாதத்தில் அறுபது தடவை அதிகாரிகளும் டொக்டர்மாரும் கண்ட குழந்தை. 2020இல் சோலிஹல்லில் ஆர்தர், கீத்லியில் ஸ்டார், அவர்களும் வீட்டில் அடிபட்டுச் செத்த பிள்ளைகள். ஒவ்வொரு தடவையும் ஒரு தடித்த அறிக்கை, "பாடம் கற்றுக்கொள்வோம்" என்று ஒரு மன்னிப்பு. எத்தனை பிள்ளை செத்தால் இந்தப் பாடம் படித்து முடியும்?

சாராவின் கொலைகாரர்களுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே நாள் அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் வைத்தது. பிள்ளை பாதுகாப்பு விசாரணையில் இருந்தால் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் பள்ளிக்கூடத்தால் எடுக்க முடியாதாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சாராவை நிறுத்தியபோது விசாரணையே இல்லையே! அதைத்தான் ஆறு நாளில் மூடிவிட்டார்களே! யாரைக் காப்பாற்ற வைத்த சட்டம் இது?

இனி எங்கள் சனத்துக்கு வருவோம். "அது பாகிஸ்தான் குடும்பம், எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யாயினம்" என்ற கொமென்டுக்குப் பதில் எழுதி என் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

"சோசல் சேர்விஸ் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்" என்ற பயம் வேறு. அது உண்மையான பயம், எனக்கும் இருந்தது. சில வருஷத்துக்கு முதல், எங்கள் பக்கத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு பொடியனின் மேற்கையில் நீளமாக ஒரு தடிப்பைக் கண்டேன். பெல்ட் தடிப்பு. நிர்வாகத்திடம் சொன்னால், "அக்கா, அது எங்கட சனம், தேப்பனைக் கூப்பிட்டுக் கதைச்சுத் தீர்ப்பம்" என்றார்கள். நான் கேட்கவில்லை, அறிவித்தேன். என்ன நடந்தது தெரியுமா? ஒரு பெண் வந்தார், தாயோடும் தகப்பனோடும் கதைத்தார், பெற்றோருக்கான வகுப்பு ஒன்றுக்கு அனுப்பினார். பொடியன் இன்றைக்கும் அவர்களோடுதான் இருக்கிறான், நெடுநெடுவென்று வளர்ந்து தகப்பனை விட உயரம். யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்தத் தாய் மட்டும் என்னைக் கடையில் கண்டால் மரக்கறிப் பக்கம் திரும்பிக்கொள்வார். பரவாயில்லை.

பரவாயில்லை என்று எழுதுகிறேன், ஆனால் நோகத்தான் செய்யுது. ஏனென்றால் அன்றைக்கு அங்கே எனக்குச் சொன்ன பட்டத்தைத்தான் போன கிழமை இன்னொருவர் கொமென்டில் எழுதியிருந்தார்: "வெள்ளைக்காரனிட்ட எங்கட சனத்தைக் காட்டிக் குடுக்கிறவ." எந்தச் சனத்தைப் பார்த்து, எதை அனுபவித்து வந்த ஒருத்தியைப் பார்த்து அந்தச் சொல்லைப் பாவிக்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்தீர்களா? பெல்ட்டால் அடித்தவன் எங்கட சனம். அடி வாங்கின பொடியன் யார் சனம்?

சாராவின் அயலவர்களுக்கும் சத்தம் கேட்டிருக்கு. தங்களை இனவாதி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பேசாமல் இருந்தார்கள் என்று அறிக்கை சொல்லுது. வெள்ளைக்காரன் இனவாதி என்ற பெயருக்குப் பயந்து வாயை மூடுவான், நாங்கள் துரோகி என்ற பெயருக்குப் பயந்து வாயை மூடுவோம், நடுவில் பிள்ளை கத்திக்கொண்டு கிடக்கட்டும். அப்படித்தானே?

அடுத்தது, "நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தம், நல்லாத்தானே இருக்கிறம்" கூட்டம். அடியாத மாடு படியாது, அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவான், எல்லாம் கேட்டாச்சு. எங்கள் வாத்தியாரின் பூவரசந்தடியை நானும் மறக்கவில்லை. நல்லாத்தான் இருக்கிறோமா? உரத்துக் கதவு சாத்துப்பட்டால் இன்றைக்கும் திடுக்கிடுகிற ஆட்கள் நாங்கள், அதில் எவ்வளவு யுத்தத்தின் ஷெல்லால் வந்தது, எவ்வளவு வீட்டில் வந்தது என்று யார் பிரித்துப் பார்த்தது?

அந்தத் தகப்பன் பாகிஸ்தானுக்கு ஓடிப் போய், அங்கிருந்து பொலிசுக்குப் போன் எடுத்து என்ன சொன்னான் தெரியுமா? சட்டப்படி தண்டித்தேன், செத்துப்போனாள் என்றான். சட்டப்படியாம்! அப்படிச் சொல்ல அவனுக்கு ஒரு ஓட்டை இருந்தது. இங்கிலாந்தில் இன்றைக்கும் "நியாயமான தண்டனை" என்று சொல்லிப் பெற்றோர் பிள்ளைக்கு அடிக்கலாம். ஸ்கொட்லாந்து 2020இல் நிறுத்திவிட்டது, வேல்ஸ் 2022இல். இங்கிலாந்து இன்னும் யோசிக்குது. ஒரு தட்டுக்கும் 25 முறிவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வருவீர்கள், தெரியும். முதல் நாளே யாரும் 25 எலும்பை முறிப்பதில்லை, அண்ணை.

கவுன்சிலில் தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன், கோபத்தில் எழுதினால் இப்படித்தான். ஆனால் கேள்வி அதேதான், இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஃபைலை மூடியதுக்கு யார் பொறுப்பு? சாரா செத்த பிறகு பொலிஸ் வேலை செய்தது, நீதிமன்றம் வேலை செய்தது, எல்லாரும் வடிவாக வேலை செய்தார்கள். மார்ச்சில் எங்கே போனார்கள்?

கொமென்டைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். "அடி வாங்கி வளர்ந்தம்" என்று வந்தால் அழிப்பேன், இப்பவே சொல்லிவிட்டேன். தை மாதம் நான் மேலே சொன்ன தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கூட்டம் இருக்கு. பிள்ளைகள் பாதுகாப்புக்கு என்று ஒரு பொறுப்பாளர் அங்கே இன்னும் இல்லை, அதை எழுத்தில் கேட்கப் போகிறேன். கடிதத்தில் கையெழுத்து வைக்க விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கோ. அண்ணை, நீங்களும்தான்.