ஷட் டவுன் என்றால் அணைய வேண்டாமா?

கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னால் அது அணைய வேண்டும். இதைக் கேட்பது பேராசையா? ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் போட்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களைச் சேமிக்கும் முறை) பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் ஒரு தனிப் பகுதி, வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். விண்டோஸில் வேலையை முடித்து, ஒழுங்காக ஷட் டவுன் கொடுத்துவிட்டு லினக்ஸுக்கு வருகிறோம். ஒரு ஃபைலைச் சேமிக்கப் போனால், ‘ரீட் ஒன்லி’ என்று கைவிரிக்கிறது. பார்க்கலாமாம், தொடக் கூடாதாம். என் டிஸ்க்கில் நான் எழுத யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

எல்லாம் 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ செய்யும் வேலை. ஷட் டவுனை அழுத்தினால் நம்மை மட்டும் வெளியேற்றிவிட்டு, அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காக, கெர்னலை, அதாவது விண்டோஸின் மையப் பகுதியை, ரேமில் இருந்தபடியே ஒரு ஹைபர்நேஷன் ஃபைலில் எழுதி வைத்துத் தூங்கப் போகிறது. டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அதற்குள்தான். கடைக்காரர் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டே தூங்குவதுபோல. நடுவில் லினக்ஸ் புகுந்து எதையாவது எழுதினால், எழுந்துவரும் விண்டோஸ் தன் பழைய கணக்கையே நம்பி மேலே எழுதும். அப்புறம் ஃபைலைத் தேட வேண்டியதுதான். ஷட் டவுன் செய்தபோது செருகியிருந்த வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால் லினக்ஸ் மறுப்பது நியாயம்தான், என் கோபம் அதன்மேல் இல்லை.

இதில் உச்சக்கட்டக் கூத்து என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் முழுசாக மூடப்படும்! ஷட் டவுன்தான் அரைகுறை. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் இருக்கும் லேப்டாப்பில் இப்படி மிச்சம் பிடிக்கும் சில நொடிகளை வைத்து என்ன செய்யப் போகிறோம்?

சரி, நிறுத்திவிடலாம் என்று கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் தோண்டிப் போனால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கான டிக் மங்கிப் போய்க் கிடக்கிறது. மேலே ‘தற்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று’ என்று ஒரு இணைப்பு. கிடைக்காததை எப்படி ஐயா மாற்றுவது? அதை அழுத்தினால்தான் டிக் உயிர் பெறும். பெரிய அப்டேட் வந்த பிறகு இன்னொரு தடவை எட்டிப் பாருங்கள், எடுத்த டிக் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கலாம். அவசரத்துக்கு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் உண்மையிலேயே அணையும்.

இதற்கிடையில் ஆலோசனை சொல்பவர்கள் தொல்லை வேறு. லினக்ஸில் டிஸ்க்கைத் திறக்கும்போது, ஹைபர்நேஷன் ஃபைலை அழிக்கும் ‘ரிமூவ் ஹைபர்ஃபைல்’ போடு, வேலை முடிந்தது என்பார்கள். ஷட் டவுன் கொடுக்காமல் விண்டோஸை ஹைபர்நேட் செய்திருந்தால், சேமிக்காமல் திறந்து வைத்திருந்ததும் சேர்ந்து போகும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். லினக்ஸில் ‘என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்’ கட்டளையை ஓட்டு என்பார் இன்னொருவர். அது ஒன்றிரண்டு மேலோட்டமான பிழைகளைச் சரிசெய்து, ஜர்னலை (பாதியில் நின்றால் மீட்க உதவும் மாற்றங்களின் பதிவேடு) துடைத்து, மீதியை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று குறித்து வைக்கும், அவ்வளவுதான். டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க் செய்வதை அது செய்யாது. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை லினக்ஸ் படிக்கவும் எழுதவும் 2021இல் அதன் 5.15 கெர்னலில் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவருக்கும் ஒரு வழி சொல்கிறார்கள்: ‘ஃபோர்ஸ்’ கொடுத்துக் கட்டாயமாகத் திற. டிரைவர் வேண்டாம் என்று தடுப்பதே டிஸ்க் சுத்தமாக மூடப்படவில்லை என்பதால்தான். என்டிஎஃப்எஸ்ஸை விட்டு எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு சேமிப்பு முறைக்கு மாறு என்பவர்களுக்கு ஒரே கேள்வி: அதில் ஜர்னலே கிடையாதே, எழுதும்போது கேபிள் கழன்றால் என்ன செய்வீர்கள்?

விண்டோஸ் மட்டும்தான் பொய் சொல்கிறது என்று நினைக்க வேண்டாம். லினக்ஸில் ஒரு என்டிஎஃப்எஸ் பென்டிரைவுக்குப் பெரிய வீடியோவைக் காப்பி செய்து பாருங்கள். பட்டை விறுவிறுவென்று ஓடி நூறு சதவீதம் காட்டும். பென்டிரைவ் விளக்கோ இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கும். வீடியோவில் பெரும்பகுதி இன்னும் ரேமில்தான் இருக்கிறது. டெர்மினலில் ரேமின் நிலவரம் காட்டும் மெம்இன்ஃபோவைத் திறந்தால், டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராததைக் காட்டும் ‘டர்ட்டி’ என்ற வரியில் லட்சக்கணக்கில் கேபி நிற்கும், மெல்ல மெல்ல இறங்கும். மிச்சத்தையெல்லாம் எழுதி முடிக்கச் சொல்லும் ‘சிங்க்’ கட்டளை கொடுத்து, அது திரும்பி வந்த பிறகு எஜெக்ட் செய்தால்தான் பாதுகாப்பு. இது தெரியாமல் பிடுங்கிக்கொண்டு ஓடியவர் பாதி வீடியோவோடு நிற்பார், பென்டிரைவும் சுத்தமாக மூடப்படாதது என்ற பொருளில் ‘டர்ட்டி’ ஆகிவிடும். பழியோ என்டிஎஃப்எஸ் மேல் விழும். எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும் என்றால் பட்டையை ஐந்து நிமிடம் ஓட விட வேண்டியதுதானே, யார் அடிக்க வரப் போகிறார்கள்?